வயிற்றோட்டம் என்றால் முதலில் தண்ணீர், குளிசை பிறகு

மாரி பிடித்து, இரணைமடுக்குளம் வான் பாய ஆயத்தமாகும் நாட்களில் எங்கள் பக்கத்துக் கிணறுகளும் நிரம்பிவிடும். கயிறு பாதிகூட இறங்காது, வாளி நீரைத் தொட்டுவிடும். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும். வயிற்றோட்டமும் அந்த நாட்களில்தான் வரும். நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். வீடு விசுவமடுவில். படலையடியில் நின்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, "மிஸி, பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது, என்ன குளிசை கொடுக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "பிள்ளை கடைசியாக எப்போது சலம் போனது?" பெரும்பாலும் விழிப்பார்கள். மலம் எத்தனை தடவை போனது என்று எண்ணி வைத்திருப்பார்கள். சலத்தை, அதாவது சிறுநீரை, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது அதைத்தான். ஏன் என்பதையும், வீட்டில் என்னென்ன செய்யலாம், எப்போது வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

குடலுக்குள் குடியிருப்பவை

குடலில் கிருமி இருக்கிறது என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆரோக்கியமான ஒரு மனிதரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாக 2016 இல் வெளியான கணக்கு ஒன்று சொல்கிறது. உடலின் சொந்தக் கலங்களின் எண்ணிக்கைக்கு அது கிட்டத்தட்டச் சமம். அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. நாம் சமிக்க முடியாத நாரை உடைப்பதும், வைற்றமின் கே ஆக்குவதும், வெளியிலிருந்து வரும் கெட்ட கிருமிகளுக்கு இடங்கொடாமல் இருப்பதும் இவற்றின் வேலை.

எல்லோரும் பெயர் கேள்விப்பட்ட ஈ.கோலி இந்தக் கூட்டத்தில் ஒன்று. 1885 இல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர் கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த பற்றீரியா அது. உங்கள் குடலிலும் என் குடலிலும் ஒரு தொல்லையும் தராமல் இருக்கிறது. தொல்லை மூன்று வழிகளில் வருகிறது. நஞ்சு சுரக்கும் வேறு வகை ஈ.கோலியோ சிகெல்லாவோ சல்மனெல்லாவோ வாய்வழியாக உள்ளே வரலாம். சாதுவான கிருமியே குடலை விட்டுச் சலப்பை போன்ற இடத்துக்குப் போய்விடலாம். அல்லது நாமே மருந்து போட்டு நல்லவற்றைக் கொன்று, கெட்டதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கலாம். மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கரைசலும் போத்தல் கணக்கும்

நீர் போல வயிற்றோட்டம் போகும்போது ஆளைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். கிருமியைத் தேடிக் கொல்வதற்கு முன்பு போனதைத் திருப்பி நிரப்ப வேண்டும். அதற்காக வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று ஜீவனிப் பொட்டலங்கள் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) இருக்கட்டும். மழைக்காலத்தில் கடைக்குப் போகும் பாதையே நீருக்குள் கிடக்கும்.

பொட்டலத்தில் எத்தனை மில்லிலீற்றர் நீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையில்தான் கரைக்க வேண்டும். இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. எண்ணெயும் பாலும் வாங்குகிற போத்தல் 750 மில்லிலீற்றர் கொள்ளும். ஒரு லீற்றருக்கான பொட்டலத்தை அந்தப் போத்தலில் கரைத்தால் உப்புக் கூடிவிடும். சின்னப் பிள்ளைக்கு அது ஆபத்து. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கழுவி, மூடியில் அடையாளம் போட்டு, இதற்கென்றே எடுத்து வையுங்கள். கொதித்தாறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியை இன்றும் மீதியை நாளையும் என்று பிரித்தால் உள்ளே இருக்கும் உப்பும் சீனியும் சரியாகப் பிரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கரைத்த பிறகு சூடாக்கக் கூடாது. சீனி சேர்க்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

பொட்டலம் இல்லையென்றால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவித்து அள்ளாதீர்கள். அள்ளியபின் கத்தியின் முதுகால் கரண்டியின் விளிம்போடு வழித்துவிடுங்கள். குவித்த கரண்டி உப்புக்கும் வழித்த கரண்டி உப்புக்கும் உள்ள வேறுபாடு சின்னதல்ல. கலக்கி முடிந்ததும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்பாக இருந்தால் பிழை, ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இந்த எளிய கலவைக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. சீனியும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்து குடல் சுவருக்குள் போக ஒரு வழி உண்டு. போகும்போது நீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கொலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைக்கிறது என்பதை 1959 இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயலின் குடலை வைத்து நிரூபித்தார். அந்த நஞ்சு வேலை செய்துகொண்டிருக்கும்போதும் சீனி-உப்பு வழி கெடாமல் இருக்கிறது. அதனால்தான் வாயால் கொடுக்கும் கரைசல் பலன் தருகிறது. 1968 இல் டாக்காவில் கொலரா நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்ற வேண்டியிருந்த சேலைனின் அளவு வெகுவாகக் குறைந்தது.

ஆனாலும் வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரால் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் கொலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியசாலைத் தரையில் நிற்க இடமில்லை. சேலைன் தீர்ந்துகொண்டு வந்தது. வைத்தியர் திலீப் மகலனாபிஸ் துணிந்து உப்பும் சீனியும் கலந்த கரைசலைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி வைத்து, உறவினர்களையே கோப்பையில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. தறப்பாளின் கீழே இருந்த பிள்ளைக்குத் தாயே கோப்பையால் ஊற்றிக் காப்பாற்றினாள் என்பதை வாசிக்கும்போது, 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மகலனாபிஸ் 2022 இல் காலமானார். எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

எப்படிக் கொடுப்பது

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, ஒவ்வொரு தடவை வயிற்றாலே போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை. அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 வரை. பெரியவர்கள் கேட்கும் மட்டும் குடிக்கலாம். சத்தி எடுக்கிற பிள்ளைக்குக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டால் தாகத்தில் மடக்மடக்கென்று குடித்துவிட்டு அப்படியே வெளியே விட்டுவிடும். பிறகு, "மிஸி, ஒன்றும் வயிற்றில் தங்குதில்லை" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு மடியில் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. சலிப்பான வேலைதான். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரிடம் ஒப்படையுங்கள். அந்தப் பொறுமை இளசுகளுக்கு வராது.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் மிக நல்லது. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கும் அளவுக்குச் சோடியம் இல்லை. கரைசலுக்குப் பதிலாக அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. கடைச் சோடாவும் பெட்டியில் வரும் பழச்சாறும் வேண்டாம். அவற்றின் அளவுகடந்த சீனி குடலுக்குள் நீரை இன்னும் இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். பட்டினி போடும் வழக்கத்தையும் விடுங்கள். பசித்தால் குழைந்த சோறு, அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை எல்லாம் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு வைத்தியசாலையில் சிங்க் குளிசை தருவார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், குறைந்தவர்களுக்கு 10. வயிற்றோட்டம் நின்றாலும் 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். இந்த ஒரு குளிசையை மறக்காதீர்கள். மற்றவற்றைத்தான் மறக்கச் சொல்கிறேன்.

எப்போது ஓட வேண்டும்

சலத்தைக் கேட்டதன் காரணம் இங்கே வருகிறது. ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால், அல்லது போனது கொஞ்சமாகவும் கடும் மஞ்சளாகவும் இருந்தால், உடலில் நீர் வற்றுகிறது. பம்பஸ் கட்டியிருக்கும் பிள்ளைக்கு மலமும் சலமும் கலந்து தெரியாது. ஆகவே வயிற்றோட்டம் உள்ள நாளில் பம்பஸைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளைத் துணி கட்டுங்கள். ஈரம் எங்கே, நிறம் என்ன என்று கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது தோலைக் கிள்ளிப் பார்ப்பது. பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வையுங்கள். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலை மடித்துத் தூக்குங்கள். நகம் படக் கூடாது. மடிப்பு உடம்பின் நீளவாட்டில் இருக்க வேண்டும். ஒரு கணம் பிடித்திருந்து விடுங்கள். உடனே சமமானால் நல்லது. மடிப்பு கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு வினாடிக்கு மேல் அப்படியே நின்றால் கரைசல் கலக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வரும்வரை கரண்டியால் கொடுத்துக்கொண்டே இருங்கள். வயதானவர்களிடம் இந்தச் சோதனை ஏமாற்றும். அவர்களின் தோல் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும். அவர்களுக்கு நாக்கைப் பாருங்கள், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள்.

இவை தவிர, கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, சோர்ந்து கிடத்தல், குடிக்க மறுத்தல், ஓயாத சத்தி, கடும் காய்ச்சல், அரிசி கழுவிய நீர் போல மலம், மூன்று நாளுக்கு மேல் நீடித்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைதான். ஆறு மாதம் ஆகாத குழந்தை, கர்ப்பிணி, நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர் என்றால் அடையாளம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

மலத்தில் இரத்தமும் சளியும் வந்து வயிறு முறுக்கினால் அது வயிற்றுளைவு. சிகெல்லா பெரும்பாலும் இப்படித்தான் வரும். 1897 இல் ஜப்பானில் பரவிய கொள்ளையின்போது கியோஷி சிகா கண்டுபிடித்த கிருமி அது. நூறுக்கும் குறைவான கிருமிகள் வாய்க்குள் போனாலே போதும், நோய் வந்துவிடும். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் வரிசையாக எல்லோருக்கும் வருவது அதனால்தான். இதற்கு மருந்து தேவைப்படலாம், ஆனால் எது என்று வைத்தியர் சொல்ல வேண்டும். இரத்தம் போகும்போதும் காய்ச்சல் இருக்கும்போதும், பிள்ளைகளுக்கு எந்த நேரத்திலும், வயிற்றோட்டத்தை "நிறுத்தும்" குளிசை கொடுக்கக் கூடாது. குடல் வெளியே தள்ளப் பார்ப்பதை உள்ளேயே பூட்டி வைக்கிற வேலை அது.

பிஸ்கட் ரின்னில் இருக்கும் கப்சூல்கள்

இப்போது கோபத்துக்கு வருகிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். காலில் ஏதோ வெட்டிய காயம். மகன் எப்போதோ பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்த கப்சூலை முதலில் போட்டிருக்கிறார். பிறகு ஒரு கடையில் வைத்தியரின் துண்டு ஏதுமில்லாமல் கொடுத்த வேறொன்று. காயம் ஆறிவிட்டது, வயிற்றோட்டம் தொடங்கியது, நிற்கவில்லை. "ஐயாவுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று மகளைக் கேட்டோம். அவர் ஒரு பிஸ்கட் ரின்னைத் திறந்து கட்டிலில் கவிழ்த்தார். சிவப்பும் மஞ்சளும், நீலமும் வெள்ளையும், பாதி பிய்த்த அட்டைகள். சிலவற்றில் பெயர் இருந்த பக்கம் வெட்டப்பட்டுப் போயிருந்தது. எந்த மருந்து என்று கண்டுபிடிக்க வைத்தியருக்கு வெகுநேரம் பிடித்தது.

நெல் அடர்ந்து நிற்கும் வயலில் களைக்கு இடம் கிடையாது. நெல்லை அழித்துவிட்டுப் பாருங்கள், முதலில் முளைப்பது களைதான். பற்றீரியாவைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் மருந்து குடலில் செய்வது அதுவே. கிளொஸ்ரிடியம் டிபிசீல் என்ற பற்றீரியா வித்தாக உருமாறிப் பல மாதம் கட்டில் சட்டத்திலும் கதவுப் பிடியிலும் உயிரோடு கிடக்கும். 1935 இலேயே பிறந்த குழந்தைகளின் மலத்தில் கண்டவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களுக்கு வரும் கடும் குடல் அழற்சிக்குக் காரணம் இதுவே என்று 1978 இல்தான் தெரியவந்தது. முதியவர்களையும் நீண்டநாள் வைத்தியசாலையில் கிடந்தவர்களையும் இது முதலில் பிடிக்கும். மருந்து எடுக்கும்போதே வரலாம், முடித்து இரண்டு மூன்று மாதத்துக்குள்ளும் வரலாம். ஆகவே வயிற்றோட்டத்தோடு வைத்தியசாலைக்குப் போனால், அண்மையில் எடுத்த எல்லா மருந்தையும் கேட்காமலே சொல்லுங்கள். இன்னொன்று: கையில் பூசும் அற்ககோல் திரவம் இந்த வித்துகளைக் கொல்லாது. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவினால்தான் போகும்.

இந்த நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அம்ஸ்ரடாமில் செய்த ஆய்வொன்று 2013 இல் வெளியானது. ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து வடித்து, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விட்டார்கள். 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணமாகிவிட்டது. வன்கொமைசின் என்ற அன்ரிபயோட்டிக் மட்டும் எடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். சிரிக்கிறீர்களா? நானும் முதலில் சிரித்தேன். அழிந்துபோன நல்ல கிருமிகளைத் திருப்பி நட்டால் களை ஒதுங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் யாரும் இதை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத ஈ.கோலி இருந்த மலத்தைச் சரியாகச் சோதிக்காமல் செலுத்தியதால் நோயெதிர்ப்புக் குறைந்த ஒருவர் இறந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 இல் எச்சரித்தது.

அன்ரிபயோட்டிக் சில வயிற்றோட்டங்களை மோசமாக்குவதும் உண்டு. சிகாவின் பெயர் கொண்ட நஞ்சைச் சுரக்கும் ஈ.கோலி வகை ஒன்று, இரத்தக் கழிச்சலில் தொடங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சில மருந்துகள் பட்டால் அந்தக் கிருமி நஞ்சை இன்னும் கூடுதலாக வெளிவிடும் என்பதால் வைத்தியர்கள் அந்த நிலையில் அன்ரிபயோட்டிக் கொடுக்கத் தயங்குவார்கள். 2011 இல் ஜேர்மனியில் இவ்வகைக் கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது முளைகட்டிய வெந்தயத்தின் மேல். நாம் மருந்தென்று நினைத்துச் சாப்பிடுகிற பொருளும் அழுக்கு நீர் பட்டால் இப்படித்தான்.

ஆகவே ரின்னைத் திறந்து, மிஞ்சிய கப்சூல்களை எல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டு, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள். கிணற்றடியிலோ கக்கூசுக்குள்ளோ கொட்டாதீர்கள்.

சலக்கடுப்பு

குடலில் சாதுவாக இருந்த ஈ.கோலி சலப்பைக்குப் போனால் எரிவு, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று நோ. பெண்களுக்குச் சலக்குழாய் குட்டை, மலவாசலும் கிட்ட. அதனால் அவர்களுக்கே அதிகம் வருகிறது. நாற்று நடவும் களை எடுக்கவும் போகும் பெண்கள், வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதற்காகக் காலையிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அப்படித்தான். வயல்காரர் நான்கு தடியும் ஒரு தறப்பாளும் கட்டிக் கொடுத்தால் தீரும் பிரச்சினை இது. அடிக்கடி சலக்கடுப்பு வரும் பெண்கள் நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தபோது, ஆண்டுக்கு சராசரியாக 1.7 தடவையே வந்தது, அப்படிக் குடிக்காதவர்களுக்கு 3.2 தடவை வந்தது என்று 2018 இல் ஓர் ஆய்வு காட்டியது. கழுவும்போது எப்போதும் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். சின்னப் பெண்பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்குங்கள்.

எரிவு வந்தவுடன், "சிறுநீரகம் பழுதாகிவிட்டதா?" என்று பயந்து அழுகிறவர்கள் வவுனியாப் பக்கம் அதிகம், அங்கே சிறுநீரக நோயாளர்களைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். எரிவு அந்த நோயின் அடையாளம் அல்ல. ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகுப்பக்கத்தில் நோ வந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். மருந்து தொடங்கும் முன், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குச் சலம் கொடுக்க வேண்டும். கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வுகூடத்தில் தந்த கிருமிநீக்கிய சிமிழில் பிடியுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஜாம் போத்தலில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியே களைத்தவள் நான்.

கிணறு

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று சொல்வோம். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இன்னும் தள்ளியிருந்தால் நல்லது. வெள்ளம் கட்டைத் தாண்டி உள்ளே போன கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, குளோரின் போட்ட பிறகே பாவிக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது எத்தனையோ வீடுகளில் கிணறும் கக்கூசும் ஒரே குளமாகக் கிடந்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகும்போது கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்துகொண்டு போனால் அவர் உடனே குளோரின் தூளின் அளவைக் கணக்கிடுவார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை அளந்தால் ஆழம் தெரியும். பத்தடி விட்டமும் ஆறடி நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 13,000 லீற்றர் இருக்கும். குளோரின் மணம் பிடிக்காது என்று முணுமுணுப்பவர்கள் நீரை அகன்ற பாத்திரத்தில் சற்று நேரம் திறந்து வைத்தால் மணம் போய்விடும்.

கலங்கிய நீரென்றால் தெளியவிட்டு வடியுங்கள். பழைய நூல் சேலையை நான்காக மடித்து வடித்தால் கொலராவின் அளவு 48 சதவீதம் குறைந்தது என்று ரீட்டா கொல்வெல் குழுவினர் வங்காளதேசத்துக் கிராமங்களில் செய்த ஆய்வு 2003 இல் வெளியானது. கொலராக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளில் ஒட்டியிருப்பதால் துணியில் சிக்கிவிடுகிறது. பழைய சேலைதான் நல்லது. அடித்துத் துவைத்த நூல் இழைகள் விரிந்து கண்கள் சிறுத்திருக்கும். ஆனால் தனியே மிதக்கும் ஈ.கோலி துணியைத் தாண்டிவிடும். வடித்த பிறகு கொதிக்க வைக்க வேண்டும். பானையின் அடியில் குமிழி கிளம்புவது கொதி அல்ல. நீர் முழுவதும் புரண்டு கொதித்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆறியதும் மூடிவைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். கையோடு கோப்பையை முக்கினால் இவ்வளவு விறகும் வீண்.

கோயில் திருவிழாக்களைப் பற்றி ஒன்று மட்டும். வற்றாப்பளைப் பொங்கலோ மடுத் திருவிழாவோ, தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் சர்பத்துக்கான நீரைக் கொதிக்க வைத்தார்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஐஸ் எந்த நீரில் செய்தது என்றும் கேளுங்கள். அன்னதானச் சோற்றைப் பெரிய கிடாரத்தில் அப்படியே மூடி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா அதில் பெருகிச் சுரக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கினால் பெரும்பாலும் இப்படியான நஞ்சுதான். ஒரு நாள் கழித்து வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தால் கிருமியே உள்ளே போய்ப் பெருகியிருக்கிறது.

வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் துண்டு

அவசரத்தில் எல்லாம் மறந்துபோகும். பிள்ளையின் கொப்பி ஒன்றிலிருந்து தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் எங்கே என்ன சாப்பிட்டது, வீட்டில் வேறு யாருக்கு, இரத்தம் உண்டா, கடைசியாகச் சலம் போன நேரம், கொடுத்த கரைசல் எவ்வளவு, கடந்த மூன்று மாதத்தில் எடுத்த அன்ரிபயோட்டிக் என்ன, ஒவ்வாத மருந்து ஏதாவது உண்டா. வயலில் நீருக்குள் நின்று வேலை செய்தவர் என்றால் அதையும் எழுதுங்கள். எலிக்காய்ச்சலும் வயிற்றோட்டத்தோடு வரலாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு நோ மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் அது இரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும். மலத்தைச் சோதனைக்குக் கேட்டால் சலமும் கிணற்று நீரும் கலக்காமல் எடுத்து, இரத்தமோ சளியோ உள்ள பகுதியைச் சிமிழில் இடுங்கள். சிமிழின் மேல் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், ஆய்வுகூடத்தில் முதலில் கழற்றி வைப்பது மூடியைத்தான்.